கோடாலிச்சாமிக்கு ஒரு மரம்

பொன்னாடை என்று பேர்தானே தவிர அதில் பொன்னும் இல்லை, அது ஆடையும் இல்லை. கழுத்தை அறுக்கிற நைலான் துணி. போட்டோ எடுத்து முடிந்ததும் மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் மேடையில் வேறு யாரும் எடுக்கவில்லை. சித்திரை வெயிலில் தகரப் பந்தல் தகிக்கிறது, எல்லோரும் வெட்டப்போகிற கிடாய்க்கு மாலை போட்ட மாதிரி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தான் மட்டும் எடுத்தால், படிச்சவளுக்குத் திமிரைப் பார் என்பார்கள். சுருளியம்மாள் எடுக்கவில்லை. வேர்வை முதுகில் இறங்கி இடுப்பில் தேங்கியது. "அடுத்து நமது எழுகுடிப்பட்டி மண் ஈன்றெடுத்த முதல் டாக்டர், விலங்கியல் மேதை, சுருளியம்மாள் அவர்கள் பேச இருக்கிறார்கள். அதற்கு முன்பாக..." தமிழாசிரியர் சோலைராசு அதற்கு முன்பாக, அதற்கு முன்பாக என்றே பந்தல் போட்டவர், பாத்திரம் தந்தவர், மைக்செட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக மேடையேற்றிக்கொண்டிருந்தார். விலங்கியல் இல்லை ஐயா, தாவரவியல் என்று அவள் உதட்டுக்குள் சொன்னாள். யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றில்லை. தப்பைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதென்றால் அவளுக்குத் தொண்டை அரிக்கும். சாவு வீட்டில் போய் உட்கார்ந்து, செத்தவருக்கு எண்பது என்று யாராவது சொன்னால், இல்லை எழுபத்தெட்டு என்று சொல்லி முறைப்பு வாங்கியவள். வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிடும்போதுகூட அதைத்தான் சொன்னார், "போனமா வந்தமான்னு இரு, யாரையும் திருத்தாத." திருத்தாமல் எப்படி? திருத்தத்தானே வந்திருக்கிறாள். வாத்தியார் வேலை பார்த்த வாய்க்கு வேறு என்ன தெரியும்.

எதிரே கோயில். கோயிலென்றால் கோபுரமெல்லாம் கிடையாது, ஓர் அறை, அதற்குள் பட்டு சுற்றிய ஒரு கோடாலி. கோடாலிச்சாமி. ஏழு குடும்பம் மேற்கே இருந்து வண்டி கட்டி வந்து இந்த நெட்டாற்றங்கரையில் இறங்கியபோது கையில் கொண்டுவந்த கோடாலி. வருஷா வருஷம் ஊர் பிறந்தநாளுக்கு அதற்குப் பால் ஊற்றுகிறார்கள், சந்தனம் அப்புகிறார்கள், கிடாய் வெட்டுகிறார்கள். அதே வாயால், நாம் வந்தபோது இங்கே ஒரு செடி இல்லை, ஒரு கொடி இல்லை, ஓணான் ஒதுங்க நிழலில்லாத பொட்டல், நம் முன்னோர்தான் இந்த ஆற்றங்கரையைப் பச்சையாக்கினார்கள் என்றும் சொல்கிறார்கள். சோலைராசு இப்போதும் அதைத்தான் சொல்கிறார், எதுகை மோனையோடு. பொட்டலில் இறங்கியவனுக்குக் கோடாலி எதற்கு? மண்வெட்டிச்சாமி என்றால் நியாயம் உண்டு. கடப்பாரைச்சாமி என்றால்கூட ஒத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் பொங்கல் வாங்க வரிசையில் நிற்கும்போது இதை வாய்விட்டுக் கேட்டாள், பெரியப்பா வாய்மேலேயே அறைந்தார். "பொட்டச்சிக்கு என்னடி சாமியப் பத்திக் கேள்வி?" பொங்கலில் ரத்தம் சொட்டியது, அதையும் தின்றாள், வீட்டில் வேறு சோறு இல்லை. அந்த அறைக்குப் பதில் தேடித்தான் படித்துப் படித்து டாக்டரானாள் என்று சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. படித்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று படித்தாள். தாவரவியலில் இடம் கிடைத்தது, சேர்ந்தாள். வேதியியலில் கிடைத்திருந்தால் அதில் சேர்ந்திருப்பாள், இந்தக் கோடாலியின் நினைப்பே வந்திருக்காது, இன்றைக்கு இந்த நைலானும் இல்லை.

பந்தலுக்கு இடப்பக்கம் தலையைத் திருப்பினால் ஆறு. திருப்பக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள், கழுத்து தானாகத் திரும்பியது. ஆறு என்று ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். மணலைச் சுரண்டிப் பள்ளம், பள்ளத்தில் ஆகாயத்தாமரை, மேடேறினால் கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேல். ஆறு வளைகிற இடத்தில் மட்டும் ஒரு கரும்பச்சை. மடுக்காடு. அவ்வளவு பெரிய பேருக்கு உள்ளே இருப்பது ஒரு களம் அகலத்துக்கு நாணல், நொச்சி, தாழம்புதர், கொஞ்சம் நாவல், கடம்பு. பெரிய மரம் என்று சொல்ல இரண்டே இரண்டு. வெளியே ரோட்டோரம் குடை விரித்த தூங்குமூஞ்சி மரம், உள்ளே நட்டநடுவே சேற்றில் கால் வைத்து நிற்கிற நீர்மருது. அதன் முன்னால் மஞ்சளாக ஜேசிபி. டிரைவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு இருக்கையிலேயே தூங்குகிறார். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் வண்டி காட்டுக்குள் இறங்கும். மடுவைத் தூர்த்து, கரையைச் சமமாக்கி, டைல்ஸ் ஒட்டிப் படித்துறை, நடுவில் கோடாலி வடிவத்தில் நினைவுத்தூண். தண்ணீர் இல்லாத ஆற்றுக்குப் படித்துறை. நேற்று வந்து இறங்கியதும் விழாக்குழுத் தலைவர் தங்கமாயனைப் பிடித்தாள். தங்கமாயன் அவளுடைய தாய்மாமன் மகன், அவளைவிட இளையவன், வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையாதவன். "ஒரு காடுதான் பாக்கி இருக்கு தங்கமாயா, அதையும் எடுத்துட்டா அப்பறம் இந்த ஆத்துக்கு ஞாபகமே இருக்காது" என்றாள். அவன் சிரிக்கவில்லை, கோபப்படவில்லை. "மதினி, நீங்க பெரிய படிப்பு படிச்சவுக. நாளைக்கி மேடையில பேசுங்க. ஊரு மனசு மாறிருச்சுன்னா நான் எதுக்குக் குறுக்க நிக்கப்போறேன்? வண்டியத் திருப்பி அனுப்பிச்சிருவேன், வாடக போனாப் போகுது" என்றான். பேச்சுக்குச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா? ஊர் மனசு மாறாது என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் தாராளம். இல்லை, அப்படி நினைப்பது தப்பு, அவன் சின்னதிலிருந்தே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். ஆக எல்லாம் அவள் வாயில் இருக்கிறது. தவளைக்கும் அதுதான் வினை.

என்ன பேசுவது? சேற்றைப் பற்றிப் பேச வேண்டும். சேறு பொய் சொல்லாது என்று ஆரம்பிக்கலாம். வேண்டாம், சோலைராசு மாதிரி இருக்கும். முன்பு ஆராய்ச்சிக்காக மடுவின் நடுவில் பிளாஸ்டிக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, உருவி, நெடுகப் பிளந்து பார்த்தால் சேறு அடுக்கடுக்காகப் படுத்திருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் நேற்றைய சேறு, அதில் சீமைக்கருவேலின் மகரந்தத் தூள், பார்த்தீனியம், தென்னை. கீழே போகப் போகச் சோளம், நெல், ஆமணக்கு, காட்டுக்கீரை, அதாவது மனுசன் வந்து உழுது போட்ட எல்லாம். அதற்கும் கீழே விரல் கனத்துக்கு ஒரு கரிக்கோடு. கரிக்கோட்டுக்குக் கீழே திடீரென்று வேறு உலகம். மருது, நாவல், நீர்க்கடம்பு, இலுப்பை, புங்கு, மூங்கில், தாழை என்று மைக்ராஸ்கோப்பில் கண் கொள்ளாத கூட்டம். தூளின் மேலோடு மாறாமல், வரி மாறாமல், அமிலத்தில் கொதிக்கவைத்தும் கரையாமல். முதல் தடவை பார்த்தபோது விளக்கை அணைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தாள். பாதி டீ சாஸரில் கொட்டியது. சந்தோஷமா, அதிர்ச்சியா, இன்றைக்கும் தெரியாது. மலையிலிருந்து கீழிறங்குகிற ஆறு முழுக்க இரண்டு கரையும் வெயிலே விழாத காடாக இருந்திருக்கிறது. ஆள் வந்த சுருக்கில் தீ வைத்திருக்கிறான். தீயில் விழாததைக் கோடாலி பார்த்துக்கொண்டது. பிறகு நிழல் இல்லையே என்று புளியங்கன்று நான்கை நட்டுவிட்டு, பொட்டலைப் பச்சையாக்கினோம் என்று பாட்டுக் கட்டிவிட்டான். திருடினவனே திருவிழா எடுத்த கதை. ஒரு விஷயம் மட்டும் அந்தக் குழாயில் இல்லை. அத்தி. ஆற்றங்கரைக் காட்டில் அத்தி இல்லாமல் இருக்காது, ஆனால் அது தன் தூளைக் காய்க்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்கிற மரம். ஆயிரம் அத்தி நின்றிருந்தாலும் சேற்றுக்குத் தகவல் இல்லை. அந்த மடுக்காட்டுக்குள் விடிகாலையில் ஒதுங்கப் போன இந்த ஊர்ப் பெண்களைப் பற்றியும் சேற்றில் தகவல் இல்லை. ஆம்பிளைகளுக்கு அந்தக் காட்டில் என்ன மரம் எங்கே நிற்கிறது என்று தெரியாது, பெண்களுக்கு ஒவ்வொரு புதரும் தெரியும், ஏனென்றால் மறைப்பு என்று இந்த ஊரில் பெண்ணுக்கு இருந்தது அது ஒன்றுதான். மாமியாரைத் திட்டியது அங்கே, அழுதது அங்கே, நாள் தள்ளிப்போனதை முதலில் சொல்லிக்கொண்டதும் அங்கே. இதையெல்லாம் மேடையில் சொல்ல முடியுமா? டாக்டரம்மா ஒதுங்கின கதையைச் சொல்லுது என்று பயல்கள் சிரிப்பார்கள். இப்போது வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டியாகிவிட்டது, பாதிப்பேர் அதில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் பக்கம் பார்த்தாள். ராக்கு சித்தி முன்வரிசையில், வெற்றிலை வாய், காதில் பாம்படம் தொங்கின ஓட்டை மட்டும். அம்மாவின் தங்கை. சித்தியும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை. காலையில் வீட்டுக்குப் போனபோதும், "வந்தியா, இரு, காப்பி போடுறேன்" என்றதோடு சரி. சித்தியிடம் காட்டைப் பற்றிப் பேச வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொண்டாள். புகை. இப்போதும் எங்காவது கரும்புத் தோகை எரிந்தால் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். சித்திக்கு அப்போது பதினாறு இருக்குமா, தாலி கட்டப்போகிறவனுக்கு நாற்பதுக்கு மேல், இரண்டாந்தாரம். நிச்சயத்தன்று சித்தி மடுக்காட்டுக்குள் ஓடிவிட்டாள். ஆம்பிளைகள் உள்ளே இறங்கித் தேடவில்லை, பொம்பளைகள் ஒதுங்குகிற இடத்தில் கால் வைக்கலாமா, கௌரவம் இருக்கிறதே. கௌரவமாக மூன்று பக்கமும் நாணலுக்குத் தீ வைத்தார்கள், நான்காவது பக்கம் நின்றுகொண்டார்கள். பன்றி வேட்டைக்குச் செய்கிற மாதிரி. சுருளியம்மாள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சித்தி இருமிக்கொண்டு வெளியே வந்தாள், முன்முடி கருகி, ஒரு கையில் செருப்பு. அந்தச் செருப்பை ஏன் கையில் வைத்திருந்தாள் என்று இத்தனை வருஷமாகப் புரியவில்லை. சேற்றில் மாட்டாமல் இருக்கக் கழற்றியிருப்பாள், அவ்வளவுதான் இருக்கும். யாரும் அடிக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அன்றைக்கே கட்டிவைத்தார்கள். கரிக்கோட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று டீ ஏன் கொட்டியது என்றால் இதனால்தான். முன்னூறோ நானூறோ வருஷத்துக்கு முந்திய கரி, அது என்ன கரி என்று அவளுக்கு மூக்கில் தெரிந்தது. இந்த ஊருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான், எது வேண்டுமோ அதைச் சுற்றித் தீ வைப்பது.

கண்ணாடிக் கிளாஸில் சோடா வந்தது. குடித்தாள், சூடாக இருந்தது. ஒன்றியத்து அதிகாரி பக்கத்து நாற்காலியில் செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. கரிக்கோட்டுக்குக் கீழே, காட்டுக் காலத்துச் சேற்றில், நகத்தளவு ஒரு பானை ஓடு வந்தது. அதாவது ஏழு குடும்பம் வண்டி கட்டி வருமுன்னே இந்தக் காட்டுக்குள் யாரோ சோறு பொங்கியிருக்கிறார்கள். யார்? எங்கே போனார்கள்? தீ வைத்தபோது நான்காவது பக்கம் யாராவது அவர்களுக்காக நின்றார்களா? அதைச் சொன்னால் மேடையிலிருந்து இறங்கி வீடு போய்ச் சேர முடியாது. ஆளில்லாத பூமியில் வந்து குடியேறினோம் என்றல்லவா கோயில் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, ஆட்களை விட்டுவிடுவோம், மரத்தை மட்டும் பேசுவோம் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டியிருந்தாள். மரத்துக்குச் சாதி இல்லை, பங்காளி இல்லை, வழக்குப் போடாது. முழு உண்மை சொல்லத் தைரியம் இல்லாதவள் முக்கால் உண்மையோடு வந்திருக்கிறாள். அதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும். உங்கள் பாட்டன் பூட்டன் பார்த்த காட்டில் மிச்சம் இது ஒன்றுதான், அவர்கள் வந்து இறங்கியபோது எது எதிரே நின்றதோ அது இன்னும் நிற்கிறது, இதைத் தொடாதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டார்களா? மனுசன்தானே. செய்ததைக் காட்டினால் கொஞ்சம் கூசுவான், கூசினால் கை நிற்கும். இவ்வளவுதான் அவளுடைய கணக்கு. இதற்குத்தான் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தது.

"இப்போது விலங்கியல் மேதை..." எழுந்தாள். மைக் உயரமாக இருந்தது, ஆம்பிளை உயரம், யாரும் இறக்கிவிடவில்லை, குதிகாலில் நின்றாள். இந்த மேடையில் பெண் பேசி இந்த ஊர் கேட்டதில்லை. முதலில் மேடைத் தமிழில் நான்கு வரி சொன்னாள், நாக்கு ஒட்டவில்லை, விட்டுவிட்டாள். "நம்ம ஆளுக வந்து எறங்குனப்ப இது பொட்டல் இல்ல" என்றாள். "காடு. ரெண்டு கரையும் காடு. பகல்லயே இருட்டிக் கெடக்கும். மருதுன்னா இப்ப உள்ள பயலுகளுக்குத் தெரியாது, ஒரு மரத்த நாலு பேரு சேந்து கட்டிப் பிடிக்கணும். அம்புட்டையும் நம்ம ஆளுகதான் எரிச்சாக. எரியாதத வெட்டுனாக. அதுக்குத்தான் கோடாலி. சாமிக்குப் பட்டுச் சுத்திட்டா அது வெட்டுனது இல்லன்னு ஆகிருமா?" சொல்லிவிட்டாள். பெரியப்பா உயிரோடு இல்லை, இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாள் என்று அந்த நொடியில் நினைத்தாள். பந்தல் அமைதியாக இருந்தது. கூசுகிறார்கள், கூசுகிறார்கள் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு விசில். "அப்படிப் போடு அத்தே!" இன்னொரு விசில். "இம்புட்டுக் காட்டையும் நம்மாளுகளாடா சாச்சாய்ங்கெ!" பந்தல் முழுக்கக் கைதட்டல் காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடித்தது. சோலைராசு இன்னொரு மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீர்களா பெருமக்களே! பொட்டலை அல்ல, புலி உலவும் பெருங்காட்டை வென்றவர்கள் நம் முன்னோர்! ஏழே குடும்பம்! ஒரே கோடாலி!" புலியைப் பற்றி நான் எங்கே சொன்னேன் என்று அவள் திரும்பினாள். "நான் சொல்ல வர்றது என்னன்னா..." உறுமி தொடங்கிவிட்டது. பெண்கள் பக்கமிருந்து குலவை எழும்பியது. ராக்கு சித்தியும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள், கண் இவள் மேலேயே இருந்தது. அந்தக் காடு சித்தியை மறைத்து வைக்கவில்லையே, அவளுக்கு அதன்மேல் என்ன பாசம் இருக்கும்? காடு காடு என்று உருகுவதெல்லாம் இவள்தான், ஊரைவிட்டுப் போனவள். இதெல்லாம் சுர்ரென்று உறைத்தது. அதைவிட மோசமாக இன்னொன்று உறைத்தது. கைதட்டல் நன்றாக இருந்தது. வெட்கங்கெட்ட நெஞ்சு, அது பாட்டுக்குக் குளிர்ந்தது. நிற்கப்போகிறதே என்று இருந்தது. நிற்காமலிருக்க, "வெறும் மருது மட்டும் இல்ல, மூங்கிலு, இலுப்பை, கடம்பு, எல்லாம்!" என்று குதிகாலில் எக்கிச் சொன்னாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பூசாரி வீரணனுக்குச் சாமி வந்துவிட்டது. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற ஆள், சாதுவான மனிதர். கோயிலுக்குள்ளிருந்து கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், பட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. "பாலு குடுத்தீக! சந்தனம் குடுத்தீக! எனக்கு வேலை குடுத்தீகளாடா? பச்ச மரம் பாத்து எத்தன தலமொறை ஆச்சு? இந்தப் பொட்டப்பிள்ள வந்து சொல்ற வரைக்கும் என்னய மறந்துட்டுத்தானடா இருந்தீக!" தங்கமாயன் மேடையிலிருந்து இறங்கி ஓடி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். "தப்புத்தான் சாமி. என்ன வேணும்னு வாய் தொறந்து கேளுங்க." "மரம்டா! என் காலத்து மரம்! ஒத்த மரம் குடு, போதும், மலையேறிர்றேன்!" தங்கமாயன் நிமிர்ந்து மடுப்பக்கம் பார்த்தான், பிறகு மேடையில் நின்ற சுருளியம்மாளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது, நல்ல கணக்கு, அவளுக்கே தெரிந்தது. ரோட்டோரம் குடைவிரித்து நின்ற தூங்குமூஞ்சி மரத்தைக் கை காட்டினான். "அந்தா நிக்கிதுல்ல சாமி, ஊருக்கு முந்துன மரம். எங்க பாட்டன் காலத்துலயே அது அப்படித்தான் நின்னுச்சாம். அத உங்களுக்குக் குடுத்தர்றோம். அதோட சாந்தியாயிருங்க. உள்ள இருக்குற காட்டத் தொடல, மதினி கேட்டுக்கிட்டாக, படித்துறைய அங்கிட்டுத் தள்ளிக் கட்டிக்கிறோம்." பூசாரி ஆடிக்கொண்டே யோசித்தார். ஆட்டம் தணிந்தது. "சரிடா. அதக் குடு" என்றார். கூட்டம் கோவிந்தா போடாத குறை. ஆக, முடிந்தது. காடு பிழைத்தது. முக்கால் உண்மைக்கும் கூலி கிடைத்துவிட்டது, கொடுத்த சொல்லைத் தங்கமாயன் ஊர் நடுவில் நின்று காப்பாற்றிவிட்டான். அவளுக்குக் கண் நிறைந்தது. அந்த மரத்தைப் பார்த்தாள். ஊருக்கு முந்தின மரமாம். கரிக்கோட்டுக்குக் கீழே அதன் தூள் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? கடல் தாண்டி வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரம், ரோடு போட்டபோது நிழலுக்கு வைத்தது, நூறு வருஷம்கூட ஆகாது. தொண்டை அரித்தது. மைக் வாய்க்கு நேரே இருந்தது.

"அது இல்ல" என்றாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. "அது தூங்குமூஞ்சி மரம், நம்ம நாட்டு மரமே இல்ல. வெள்ளக்காரன் ரோட்டுக்கு வச்சது. அந்தக் காலத்துல இந்த ஆத்தங்கரையில அது கெடையாது." சரியான தகவல். தெளிவான உச்சரிப்பு. தங்கமாயன் அவளை அண்ணாந்து பார்த்தான், வாய் கொஞ்சம் திறந்திருந்தது, அவன் முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. தான் சொன்னது அப்புறம்தான் அவள் காதில் விழுந்தது. பூசாரிக்கு மறுபடி ஆட்டம் ஏறியது. கோடாலியை நிலத்தில் ஊன்றி, பயபக்தியோடு மேடையைப் பார்த்துக் கேட்டார். "அப்ப எது தாயி?" அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பொன்னாடை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இனி தலையே போனாலும் ஒரு சொல் சொல்வதில்லை என்று நின்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. கூட்டம் ஏற்கெனவே மடுவின் நடுவே நின்ற நீர்மருதைப் பார்த்து நகர ஆரம்பித்திருந்தது. அங்கே பெரிய மரம் என்று இருந்தது இரண்டே இரண்டு, அதில் ஒன்று இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.